டேப்பக்காவின் ஒரு அங்குலம்

வாயில் நான்கு குண்டூசிகள் இருந்ததால்தான் டேப்பக்கா அன்று கத்தவில்லை. கைபேசியில் வந்திருந்த கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அவள் வெளியிட்ட தையல் புத்தகம் வேறொருவருடைய புத்தகத்தின் நகல் என்று தெரியவந்ததால் இணையத் தளத்திலிருந்து நீக்கிவிட்டார்களாம். இதனால் ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். கண்ணாடி முன் கையைத் தூக்கி நின்றிருந்த பெண், "என்னக்கா, ஊசி குத்திடுச்சா?" என்று கேட்டாள். டேப்பக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஆமா, நல்லா குத்திட்டாங்க" என்றாள்.

நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது அவளுடைய கடை. ஒரு தையல் மெஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின், ஆளுயரக் கண்ணாடி, துணி மாற்ற ஒரு திரை. உயரமானவர்கள் உள்ளே வந்தால் தலையைக் குனிந்தே நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் தைக்கிறாள். கழுத்தில் எப்போதும் அளவெடுக்கும் டேப் தொங்கும். நாத்தனார் கல்யாணத்தின் குடும்பப் படத்தில்கூடப் பட்டுப் புடவைமேல் அந்த டேப் தொங்குகிறது, கழற்ற மறந்துவிட்டாள். அதைப் பார்த்துக் கொழுந்தன் வைத்த பெயர்தான் டேப்பக்கா. இப்போது தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அந்த டேப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடை திறந்த வாரம் வாங்கியது. இரண்டாம் வருடமே நுனியில் இருந்த பித்தளைப் பூண் கழன்று விழுந்தது. பிறகு முதல் அங்குலம் நைந்து நைந்து, ஒருநாள் கையோடு வந்துவிட்டது. மூளையுள்ள யாராக இருந்தாலும் புது டேப் வாங்கியிருப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் மூன்று புது டேப்கள் வாங்கிக் கொடுத்தான். மூன்றும் ஆணியில் தொங்குகின்றன. "புதுசு வழவழன்னு இருக்கு, கையில நிக்க மாட்டேங்குது" என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். அளவெடுக்கும்போது ஒன்று என்ற எண்ணிலிருந்து தொடங்குவாள். பதினாறு என்று டேப் சொன்னால் மனதுக்குள் ஒன்றைக் கழித்துப் பதினைந்து என்று வைத்துக்கொள்வாள். வருடக்கணக்கில் இப்படிக் கழித்துக் கழித்து, கழிக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

புத்தகம் எழுத வேண்டும் என்பது அவளுடைய பத்து வருட ஆசை. சட்டை தைப்பதை வெட்டுவதிலிருந்து பொத்தான் வைப்பதுவரை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதுபோல ஒரு புத்தகம். முதலில் நோட்டுப் புத்தகத்தில் கைப்பட எழுதி, ஒரு பதிப்பாளரிடம் எடுத்துப்போனாள். மின்விசிறி உயரத்துக்குப் புத்தகக் கட்டுகள் அடுக்கிய அறை. அவர் கட்டைவிரலை எச்சில் தொட்டு நான்கு பக்கம் புரட்டினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு டெய்லர் எழுதின புத்தகத்த யாரும்மா வாங்குவாங்க? ஒரு பேராசிரியர்கிட்ட முன்னுரை வாங்கிட்டு வாங்களேன்" என்றார்.

எந்தப் பேராசிரியருக்குச் சட்டைக்குக் கைத்துளை வெட்டத் தெரியும் என்று அவளுக்கு விளங்கவில்லை. நோட்டு அவரிடம் பதினான்கு மாதம் கிடந்தது. திரும்பி வந்தபோது அட்டையில் வட்டமாக ஒரு தேநீர்க் கறை. வேறெந்தக் குறிப்பும் இல்லை. ஆகவே பழைய காலமெல்லாம் பொன்னானது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கதவு அவளைப் போன்றவர்களுக்குத் திறந்ததே கிடையாது.

கதவைத் திறந்தது கைபேசிதான். சொந்தமாகவே புத்தகம் வெளியிடலாம் என்று கணவன் எங்கேயோ படித்துவிட்டு வந்தான். "யாரும் முன்னுரை கேக்க மாட்டாங்க. நீ பேசு, இதுவே டைப் அடிச்சுக்கும்" என்று சொல்லி, மெஷின் மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்தான். தைத்துக்கொண்டே, மெஷின் நிற்கும்போதெல்லாம் பேசினாள். கறுப்பு லைனிங் துணியில் சாக்பீஸால் படங்கள் வரைந்து படமெடுத்தாள். கணவன் லிஃப்ட்டின் மோட்டார் அறையில் உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்தில் பிழை பார்த்தான். ஆறு மாதத்தில் புத்தகம் முடிந்தது. ஆசிரியர் பெயர் என்ன போடுவது என்று கேட்டான். "ஊரே எப்படிக் கூப்பிடுதோ அதையே போடுங்க" என்றாள்.

போட்டார்கள். ஒரு பொத்தானை அழுத்தியதும் டேப்பக்கா எழுத்தாளராகிவிட்டாள். ஒரு வாரத்துக்குள் கடிதங்கள் வர ஆரம்பித்தன. மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பெண், படித்துப் படித்துத் தன் மகனுக்குச் சட்டை தைத்துவிட்டதாக எழுதி, படமும் அனுப்பியிருந்தாள். டேப்பக்கா அந்தப் படத்தைக் கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டினாள். குழாய் சரிசெய்ய வந்தவரையும் விடவில்லை.

பிறகு காலர் பற்றிய கடிதங்கள் வந்தன. "அக்கா, எல்லாம் சரியா வருது. காலர் மட்டும் கழுத்தவிட நீளமா வருதே?" முதலில் அவள் நம்பவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி அளந்து ஒரு காலர் வெட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அவசரக் குடுக்கைகள், சரியாக அளக்கத் தெரியவில்லை என்று திட்டினாள். இரண்டாவது கடிதம் வந்தது, மூன்றாவதும் வந்தது. மறுபடி வெட்டினாள், மறுபடியும் கச்சிதம். கடைசியில் கணவன்தான் ஆணியில் தொங்கிய புது டேப் ஒன்றை எடுத்து அவள் வெட்டிய காலரை அளந்து பார்த்தான்.

"இந்தா பாரு. உன் காலர் பதினஞ்சரை. புத்தகத்துல பதினாறரைன்னு போட்டிருக்க."

டேப்பக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற அத்தியாயங்களையெல்லாம் மனதில் இருந்த கணக்கை வைத்துப் பேசியிருந்தாள். காலரை மட்டும் கையோடு அளந்துகொண்டே பேசியிருந்தாள். டேப் என்ன சொன்னதோ அதுவே புத்தகத்தில் ஏறிவிட்டது. சரிபார்த்ததும் அதே மொட்டை டேப்பை வைத்துத்தான். பிழை எப்படித் தெரியும்? அவளுக்கு வெட்கத்தில் காது சிவந்தது. அன்றைக்கே எண்களைத் திருத்தினாள். எழுதிக் கேட்ட ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு, தன் டேப்பின் கதையையும் எழுதினாள். திருத்திய புத்தகத்தை மறுபடி தளத்தில் ஏற்றினாள். அச்சுப் புத்தகமாக இருந்தால் அடுத்த பதிப்புவரை அந்தத் தப்பைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். இங்கே தேநீர் கொதிக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. "என்ன சௌகரியம் பாருங்க" என்று கணவனிடம் மெச்சிக்கொண்டாள்.

அதற்கு நான்காம் நாள்தான் குண்டூசிக் கடிதம் வந்தது.

நடந்தது என்னவென்று புரிய ஒரு வாரம் ஆயிற்று. திருத்துவதற்கு முன் அவளுடைய புத்தகம் தளத்தில் இருந்த மாதங்களில் யாரோ அதை உருவி, வேறு பெயரில் வெளியிட்டிருந்தார்கள். அவள் நேர்மையாகத் திருத்தி மறுபடி ஏற்றினாளே, அப்போது தளத்தின் இயந்திரம் அதைப் புதிதாக வந்த புத்தகமாக எடுத்துக்கொண்டு மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தது. படங்கள் எல்லாம் அந்த இன்னொரு புத்தகத்தில் இருக்கக் கண்டது. எது முதலில் வந்தது என்று கேட்க அதற்குத் தோன்றவில்லை. தோன்றக்கூடிய மனிதர் யாரும் அங்கே உட்காரவும் இல்லை. தப்பைத் திருத்தப் போனவள் திருடி ஆனாள். திருடியவர் ஆசிரியரானார். இதற்கு வயிறெரியாமல் வேறெதற்கு எரிவது?

அந்தப் புத்தகத்தின் அட்டையில் கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளித் தலைமுடி, பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம், பின்னால் 'ஆடை நிபுணர்'. டேப்பக்கா முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"ஏங்க, கத்தரிக்கோலப் பாருங்க. பேனா பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்கான்."

கணவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இவன் பொறந்தே இருக்க மாட்டான். கம்ப்யூட்டர் வரைஞ்ச மூஞ்சி இது. இங்க பாரு, தேனீ வளர்ப்பு, சர்க்கரை நோய், பங்குச் சந்தை, நாய்க்குட்டி பழக்குறது... மூணு மாசத்துல முப்பத்தோரு புத்தகம் எழுதியிருக்காரு அய்யா. சாப்பிடுறாரோ இல்லையோ."

இலவசமாகக் காட்டும் முதல் பத்துப் பக்கங்களைப் படித்தாள். ஓர் இயந்திரத்தில் போட்டு வாக்கியங்களை எல்லாம் மாற்றியிருந்தார்கள். 'அவசரப்பட்டு வெட்டாதீங்க, எங்க நாத்தனார் ஒரு தடவை அப்படி வெட்டி ரெண்டு கையையும் இடது கையா ஆக்கிட்டா' என்று அவள் எழுதியிருந்த இடத்தில், 'வெட்டும்போது போதிய கவனம் தேவை' என்று இருந்தது. நாத்தனார் போய்விட்டாள். கொழுந்தன் போய்விட்டான். மாடிவீட்டுக்காரரின் தொந்திக்கு ஏற்றபடி அவள் கண்டுபிடித்த முன்பக்க வெட்டு மட்டும் இருந்தது, தொந்திக்காரரைக் காணவில்லை. திருடியதைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. மேற்கொண்டு படிக்க வேண்டுமானால் வாங்க வேண்டும் என்றது தளம். "என் புத்தகத்த நானே வெலை குடுத்து வாங்கணுமா? என்னை என்ன மாங்கா மடச்சின்னு நெனச்சானா?" என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அப்படிக் கோபப்பட்டு வைத்ததால்தான் காலர் அத்தியாயத்தை அப்போது அவள் பார்க்கவில்லை.

ஏழு கடிதம் எழுதினாள். ஏழுக்கும் ஒரே குரலில் பதில் வந்தது. ஏழிலும் வருத்தம் தெரிவித்தார்கள். எட்டாவதாக எழுதியதற்கு மட்டும் ஒரு மாற்றம். ஆசிரியர் அவள்தான் என்று நிரூபிக்க அடையாள அட்டை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள். அட்டையில் உள்ள பெயரும் 'டேப்பக்கா' என்ற பெயரும் பொருந்தவில்லை, எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று பதில் வந்தது.

"அந்தக் கோட்டுக்காரன்கிட்ட அட்டை கேட்டாங்களாமா?" என்றாள்.

"அவனுக்கு மூஞ்சியே கெடையாது, அட்டைக்கு எங்க போவான்?" என்றான் கணவன்.

இந்த நிலையில்தான் பெண்கள் தொழிற்பயிற்சிப் பள்ளியின் முதல்வரிடமிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பள்ளி ஆசிரியை ஒருத்தியின் உடைகளை டேப்பக்காதான் தைப்பாள்; அவள் சொல்லித்தான் முதல்வர் அழைத்தார். "எங்க பொண்ணுங்க புத்தகத்துல உள்ளபடிதான் வெட்டுறாங்க அக்கா. சட்டை வருது, காலர் மட்டும் ஒட்டவே மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்வீங்களா?" என்றார்.

போனாள். நீளமான கூடம், இரண்டு வரிசையாக மெஷின்கள், தரையெல்லாம் துணித் துண்டுகள். மேசைகளில் பாதி தைத்த சட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் காலர் முன்பக்கம் நீட்டிக்கொண்டு பல்லிளித்தது. சில பெண்கள் மிச்சத்தை மடித்து உள்ளே திணித்திருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் டேப்பக்கா முதல் மேசைக்குப் போனாள். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து ஒரு காலரை அளந்தாள், சட்டையின் கழுத்து வெட்டை அளந்தாள். சரியாக ஒரு அங்குலம் வித்தியாசம். அப்போதுதான் மேசை மூலையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். கோட்டுக்காரர் கத்தரிக்கோலைப் பேனா மாதிரிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதையா வெச்சுச் சொல்லித்தர்றீங்க?"

"தேடிப் பாத்தா நம்ம மொழியில இந்த ஒரு புத்தகம்தான் கெடைக்குது. தளத்துலயே அச்சடிச்சும் தர்றாங்க, நாப்பது பிரதி வரவழைச்சோம்" என்றார் முதல்வர்.

ஒரு புத்தகம்தான் கிடைக்கிறதாம். இன்னொன்றை அழித்துவிட்டால் ஒன்றுதானே கிடைக்கும்? டேப்பக்கா காலர் அத்தியாயத்தைப் புரட்டினாள். பதினாறரை. அவள் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தப்பு, அச்சில், கோட்டுக்காரர் பெயரில் இருந்தது. நாத்தனாரையும் தொந்திக்காரரையும் துடைத்துப் போட்டவர்கள் எண்ணை மட்டும் தொடவில்லை. தொட அவர்களுக்கு என்ன தெரியும்?

"ஒரு கத்தரிக்கோல் குடுங்க" என்றாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்து, தன் டேப்பை விரித்து, அதில் பதினாறரைக்குக் கோடு போட்டு ஒரு காலரை வெட்டினாள். தைத்துச் சட்டைக் கழுத்தில் வைத்தாள். ஒரு நூல் இழைகூடப் பிசகாமல் உட்கார்ந்தது.

"அதெப்படி? நாங்களும் அதே பதினாறரைதானே வெட்டினோம்?" என்றார் முதல்வர்.

டேப்பக்கா தன் டேப்பின் மொட்டை நுனியைத் தூக்கிக் காட்டினாள். "இந்த அத்தியாயம் இந்த டேப்பால எழுதினது மேடம். இதுல மொத இஞ்ச் கெடையாது. இப்படி ஒரு டேப் வேற யார்கிட்டயும் கெடையாது. இது என் புத்தகம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. "என் வார்த்தைய மாத்துனாங்க, என் பேர அழிச்சாங்க, என்னையே திருடின்னாங்க. ஆனா என் தப்பு தப்புன்னுகூடத் தெரியலையே அவனுங்களுக்கு! திருடறவன் ஒரே ஒரு சட்டையாவது தெச்சுப் பாத்திருக்கக் கூடாதா?"

முதல்வர் நிதானமான பெண்மணி. எதையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்பவர். டேப்பையும் காலரையும் புத்தகப் பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்தார். பள்ளியின் முத்திரை பதித்த தாளில் விவரமாக ஒரு கடிதம் எழுதித் தளத்துக்கு அனுப்பினார். முத்திரையைப் பார்த்ததும் டேப்பக்காவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. படிக்கட்டுக்குக் கீழே ஐந்து நாள் பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தாள்.

ஆறாம் நாள் பதில் வந்தது. அதை நான் மறக்க மாட்டேன். அளவுப் பிழையைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி. தங்கள் புகார் ஆசிரியருக்கு அனுப்பப்பட்டது. அவர் உடனடியாகப் பிழையைத் திருத்திவிட்டார். புகார் தீர்க்கப்பட்டது.

டேப்பக்கா இம்முறை விலை கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கித் திறந்தாள். பதினைந்தரை. முன்பே வாங்கியவர்களின் கைபேசிகளிலும் அது தானாகவே மாறிவிட்டிருந்தது. பதினாறரை என்று ஒன்று இருந்ததற்கான தடயமே தளத்தில் இல்லை. வாசகர் சொன்ன மறுநாளே திருத்தும் பொறுப்பான ஆசிரியர் என்று யாரோ கோட்டுக்காரருக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருந்தார்கள். அவள் திருத்தியபோது அது திருட்டு. அவர் திருத்தியபோது அது பொறுப்பு. என் நாக்கில் வரும் வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"எல்லாத்தையும் எடுத்தாங்க. கடைசியா என் தப்பையும் அழிச்சிட்டாங்க" என்றாள் டேப்பக்கா. சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த துணியில் முகத்தைப் புதைத்து அழுதாள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் கணவனிடம் அன்று கிண்டல் இல்லை. வெகுநேரம் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். திடீரென்று கையை எடுத்தான்.

"பள்ளிக்கூடத்துல இருக்கிற நாப்பது புத்தகம்? காகிதத்த எந்தப் பொத்தான அழுத்தி மாத்துவான்?"

டேப்பக்கா மெஷின் மேசையின் இழுப்பறையை இழுத்து, அதிலிருந்த ஒரு சிறிய டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, கடையைக்கூடப் பூட்டாமல் பேருந்துக்கு ஓடினாள்.

பள்ளி வாசலில் அட்டைப் பெட்டி ஒன்று ஒட்டித் தயாராக இருந்தது. பிழையுள்ள நாற்பது பிரதிகளையும் திருப்பி அனுப்பினால் திருத்திய பிரதிகளை இலவசமாகத் தருவதாகத் தளம் எழுதியிருந்ததாம். கூரியர்காரர் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். டேப்பக்கா பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அனுப்பாதீங்க மேடம். இதுதான் நான்."

முதல்வருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. கூரியர்காரரிடம், "நீங்க போகலாம், தம்பி" என்றார்.

கூடத்துக்குள் பெட்டியைப் பிரித்தார்கள். டேப்பக்கா தன் டப்பாவைத் திறந்தாள். உள்ளே வெள்ளை நாடாவில் நெய்த சிறிய லேபிள்கள். அவள் தைக்கும் ஒவ்வொரு சட்டையின் காலருக்கு உள்ளேயும் வைப்பவை. 'டேப்பக்கா' என்று சிவப்பு நூலில் இருக்கும். பெட்டியில் மேலே இருந்த புத்தகத்தின் அட்டையைத் திருப்பி மெஷின் ஊசிக்குக் கீழே வைத்தாள். கோட்டுக்காரரின் சிரித்த வாய்க்கு மேலே லேபிளை வைத்து நான்கு பக்கமும் தையல் ஓட்டினாள். பெண்கள் கேட்காமலேயே ஆளுக்கு இரண்டு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரவர் மெஷினுக்குப் போனார்கள். இரண்டு பிரதிகளை மட்டும் முதல்வர் அப்படியே எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு அலமாரியில் பூட்டினார். வக்கீலிடம் போவதானால் தானும் சாட்சியாக வருவதாகச் சொன்னார்.

பிறகு கரும்பலகையில் 'காலர் பதினைந்தரை' என்று பெரிதாக எழுதிவிட்டு, கையில் ஒரு பேனாவோடு டேப்பக்காவிடம் வந்தார்.

"உள்ளேயும் அந்தப் பதினாறரைய அடிச்சுத் திருத்திடலாமா அக்கா? பொண்ணுங்க குழம்பிடப் போறாங்க."

டேப்பக்கா தைத்து முடித்த புத்தகத்தின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். அதுமேல கை வெக்காதீங்க மேடம்" என்றாள். "நான் எழுதினதுல அது ஒண்ணத்தான் இன்னும் யாரும் அவங்களுதுன்னு சொல்லல."